பல்லும் தண்ணீரும் சேர்ந்த பக்கம்

நூலகத்துக்குள் சிரித்ததற்காக என்னை ஒருமுறை வெளியே நிற்க வைத்தார்கள். அப்போது எனக்கு முப்பது வயதுக்கு மேல் ஆகியிருந்தது, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். வெள்ளிக்கிழமை என்பதால் தலைக்குக் குளித்து, பூ வைத்து, நெற்றி நிறையத் திருநீறும் குங்குமமுமாகப் போயிருந்தேன். அந்தக் கோலத்தில் பல்கலைக்கழக நூலகத்தின் வாசலில், என் தம்பி பெண்டாட்டியும் நானும் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு முந்தானையை வாயில் திணித்திருந்தோம். வாசலில் ஒரே ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. அது என்னுடையது. கோயிலுக்குள் போவதுபோலக் கழற்றிவிட்டுப் போயிருந்தேன். அதைப் பார்த்ததும் அவளுக்கு மறுபடி சிரிப்பு வந்துவிட்டது.

நான் எட்டாவது வரை படித்தவள். ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படிப்பேன், அர்த்தம் தெரியாது. எண்களைப் பார்த்து மட்டும் நான் பயந்ததில்லை. என்னைப் போன்றவளுக்கு நூலகத்தில் என்ன வேலை என்றால், என் மூத்த மகளின் பல்.

எங்கள் வீடு மல்லசமுத்திரத்துக்கு மேற்கே தோட்டத்துக்குள் தனியாக இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டுமானால் நாலு வரப்பு தாண்டி நின்று குரல் கொடுக்க வேண்டும். என் கணவர் போர் போடும் ரிக் வண்டியில் வேலைக்குப் போனவர். வருடத்தில் பாதி நாள் வடக்கே எங்கெங்கோ பாறையைத் துளைத்துவிட்டு, தலை முழுக்க வெள்ளைத் தூளோடு வந்து இறங்குவார். எழுபதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம், கயிற்றில் வாளி விட்டு இறைக்கும் எங்கள் சேந்து கிணற்றில் வாளி தரையைத் தட்டியது. அவர் முதலாளியிடம் கேட்டு வண்டியை எங்கள் தோட்டத்துக்கே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு பகல் ஓயாத சத்தம். இரண்டாம் நாள் சாயங்காலம் தண்ணீர் பீறிட்டு அடித்ததும் எல்லாரும் நனைந்துகொண்டே ஆடினோம். மூத்தவளுக்கு அப்போது ஒரு வயது. அவள் வாயில்தான் அந்தத் தண்ணீரை முதல் கை ஊற்றினார். குடித்துப் பார்த்தவர்கள் இளநீர் மாதிரி இருக்கிறது என்றார்கள். அந்தப் பக்கம் வரும் பஸ்காரர்கள்கூட எங்கள் தோட்டத்து முக்கில் நிறுத்திக் குடம் பிடித்துப் போவார்கள். இவர் மீசையைத் தடவிக்கொண்டு நிற்பார்.

மூத்தவளுக்கு ஏழு வயதில் முன்பற்கள் விழுந்து புதிதாக முளைத்தன. முளைக்கும்போதே காவி ஏறியிருந்தன. வெற்றிலை போட்டவள் பல் மாதிரி, குறுக்கே பழுப்புக் கோடு. உப்பு, கரி, வேப்பங்குச்சி, கடையில் விற்கும் பொடிகள் எல்லாம் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். ஈறு சிவந்ததுதான் மிச்சம். ஒரு டாக்டர் பரம்பரையாக இருக்கும் என்றார். எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாருக்கும் இல்லை. பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். சிரிக்கும்போது உள்ளங்கையால் வாயை மூடக் கற்றுக்கொண்டாள். பிறகு சிரிப்பதையே குறைத்துக்கொண்டாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில், அவளுக்கு ஒன்பது வயதாகும்போது எனக்கு ஒரு மகன் பிறந்தான். பத்து மாதக் குழந்தை பொக்கை வாயில் இரண்டு பாற்பல்லைக் காட்டிச் சிரிக்கும்போதெல்லாம் எனக்குக் கலங்கும். இவனுக்கும் அப்படித்தான் வருமா? அதைத் தவிர அந்த நாளில் எனக்கு வேறு கேள்வியே இல்லை.

காரணம் என்று எனக்குத் தெரிந்தது ஒன்று இருந்தது. விழுந்த பாற்பல்லைச் சாணி உருண்டைக்குள் வைத்துக் கூரைமேல் எறிவது எங்கள் வழக்கம். ஓட்டு வீட்டில் அது ஓட்டு இடுக்கில் தங்கிவிடும். மூத்தவளுக்கு முதல் பல் விழுந்த வருடம்தான் நாங்கள் ஓட்டை இறக்கிவிட்டு மட்டமாகத் தார்சுத் தளம் போட்டிருந்தோம். எறிந்த உருண்டை மேலே தங்காமல் மழைத் தண்ணீர்க் குழாய் வழியாகத் திரும்ப வந்து வாசலில் விழுந்தது. நான் எடுப்பதற்குள் கோழி கொத்திக்கொண்டு போய்விட்டது. கோழி கொத்தின பல் எப்படி வெள்ளையாக முளைக்கும்?

இன்னொரு காரணமும் மனதுக்குள் இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு விருந்துக்குத் தம்பியும் அவன் பெண்டாட்டியும் வந்தார்கள். அவள் கெங்கவல்லிப் பக்கத்துப் பெண். படித்தவள், சேலத்தில் பல்கலைக்கழக விரிவு மையத்தின் நூலகத்தில் உதவியாளர் வேலை. எங்கள் பக்கத்தில் கணவனின் அக்காளை நங்கை என்று கூப்பிடுவோம். அவள் அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். நாங்கள் ஊடு என்றால் அவள் வீடு என்பாள். கல்யாணமான புதிதில் இதற்கெல்லாம் எனக்குக் கோபம் வந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவள் மூத்தவளின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"இதைப் பத்தி யாராச்சும் ஆராய்ச்சி பண்ணி எழுதியிருப்பாங்க அண்ணி."

"எம்புள்ள பல்லப் பத்தி எவங்கண்ணு உக்காந்து எழுதுவான்?"

"உங்க பொண்ணு பல்லைப் பத்தி இல்ல. இது மாதிரிப் பல்லைப் பத்தி. அடுத்த வெள்ளிக்கிழமை கிளம்பி வாங்க. தேடிப் பார்த்திடலாம்."

தம்பிக்கு மில்லில் இரவு ஷிஃப்ட். பகலில் வீட்டில்தான் தூங்குவான். வெள்ளிக்கிழமை சேலம் போய் இறங்கி, தூங்கிக்கொண்டிருந்தவன் பக்கத்தில் என் குழந்தையையும் படுக்க வைத்துவிட்டு நாங்கள் இருவரும் நூலகத்துக்குப் போனோம்.

உள்ளே போனதும் எனக்குக் கைகூப்பத் தோன்றியது. அத்தனை புத்தகங்கள், அத்தனை அமைதி. நடுவில் ஒரு மேசையில் நூலகர் உட்கார்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். மேசைமேல் பூஜை மணி மாதிரி ஒரு சின்ன மணி. யாராவது பேசினால் அதைத் தட்டுவார். நான் அவருக்கும் ஒரு கும்பிடு போட்டேன்.

"இவ்வளவு புஸ்தகத்துல எங்கீன்னு தேடறது?" என்று காதோடு கேட்டேன்.

"புத்தகத்துல தேடக் கூடாது அண்ணி. புத்தகம் எழுதறதுக்குள்ள வருசம் ஓடிடும். உலகத்துல யார் என்ன ஆராய்ச்சி பண்ணாலும் அதை நாலு வரியில சுருக்கி, நம்பர் போட்டு, வருசா வருசம் தொகுதியா அச்சடிச்சு அனுப்பறாங்க. அதுலதான் தேடணும். கடைசியில சொல் அடைவு இருக்கும். எந்தச் சொல்லைப் பத்தி எந்தெந்த நம்பர்ல இருக்குதுன்னு அது சொல்லும்."

செங்கல் மாதிரி தடித்த தொகுதிகளைக் கொண்டுவந்து அடுக்கினாள். ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு, "இப்ப சொல்லுங்க. எது எது சம்பந்தம்னு நினைக்கிறீங்க?" என்றாள்.

நான் யோசிக்கவே இல்லை. "பல்லு. சாணி. கூரை."

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, அப்படியே எழுதிக்கொண்டாள். பல் என்ற சொல்லுக்கு நேராக இருந்த எண்கள் இரண்டு பக்கத்துக்கு நீண்டன. சாணிக்கு அதைவிட அதிகம். எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது.

"வெள்ளைக்காரன் சாணியப் பத்தி இவ்வளவு எழுதியிருக்கானா?"

"சாண எரிவாயு அண்ணி. இப்ப நீங்க செய்யவேண்டியது ஒண்ணுதான். இந்தப் பக்கத்துல இருக்கற நம்பர் எதாவது அந்தப் பக்கத்துலயும் இருக்குதான்னு பாருங்க. ரெண்டுலயும் இருந்தா அந்த ஆராய்ச்சியில பல்லும் வருது, சாணியும் வருதுன்னு அர்த்தம்."

இது எனக்கு நன்றாகப் புரிந்தது. கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுக்கும் உறவு, பெண் வீட்டுக்கும் உறவு என்று சிலர் இருப்பார்கள் இல்லையா. இரண்டு பக்கமும் வந்து வாங்க என்று கூப்பிடுவார்கள். அந்த ஆட்களைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். அடையாளம் வைக்க, பையிலிருந்த குங்குமச் சிமிழைத் திறந்து வைத்துக்கொண்டேன். எண்களைச் சீட்டில் எழுதி, ஒவ்வொன்றாக விரல் வைத்து ஓட்டினேன். அரைமணி நேரம் ஆகியிருக்கும். ஒரு எண் இரண்டு பக்கத்திலும் இருந்தது. சீட்டில் அதன்மேல் குங்குமப் பொட்டு வைத்தேன்.

"இருக்குது சாமி. ரெண்டுலயும் இருக்குது. நாஞ்சொன்னனல்ல?"

அவள் அந்த எண்ணைத் தேடிப் பிரித்தாள். படித்தாள். முகம் சிவந்தது. தொகுதியை மூடி அதன்மேல் நெற்றியை வைத்துக் குலுங்க ஆரம்பித்தாள்.

"என்ன கண்ணு எழுதியிருக்குது?"

"பல்லைப் பார்த்து வயசு சொல்றது." மூச்சு வாங்கினாள். "சாணத்தைப் பார்த்து, ஒழுங்காத் தீனி தின்னுதான்னு சொல்றது."

"யாரு?"

"எருமை, அண்ணி."

அவ்வளவுதான். எனக்கு எங்கிருந்து அப்படி வந்ததென்று தெரியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மணி ஒருமுறை அடித்தது. அடக்கினோம். அவள் மெதுவாக, "கூரைக்கும் பார்க்கலாமா?" என்று கேட்டாள். "பாரு கண்ணு, கோழிக்கும் சேத்திப் பாரு" என்றேன். மணி விடாமல் அடித்தது. நூலகர் எழுந்து வந்து, கண்ணாடியை மூக்கில் மாட்டி எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்து, "ரெண்டு பேரும் வெளியில போய்ச் சிரிச்சு முடிச்சுட்டு வாங்கம்மா" என்றார். உதவியாளரையே வெளியே அனுப்பினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியே வேப்ப மரத்தடியில் சிரிப்பு அடங்கியது. என் கண்ணில் வந்த தண்ணீர் மட்டும் நிற்கவில்லை. எப்போது அது அழுகையாக மாறியது என்று எனக்கே தெரியாது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, காரணத்தை விடுங்க. உங்களுக்கு நிஜமா என்ன தெரிஞ்சுக்கணும்? ஒரே வரியில சொல்லுங்க."

"சின்னவனுக்கும் இப்பிடி ஆகுமான்னு தெரியோணும்."

"ஏன் ஆகும்னு நினைக்கிறீங்க? அவனுக்குத்தான் இன்னும் பல்லே விழலையே, கூரைமேல எறியறதுக்கு."

அப்போதுதான் அந்த இன்னொரு காரணத்தை அவளிடம் சொன்னேன். எங்கள் ஊர் அம்மனுக்குப் பங்குனியில் தீர்த்தக்குடம் எடுப்போம். காவிரிக்கு நடந்து போய்த் தண்ணீர் மொண்டு, வேப்பிலை செருகி, தலையில் வைத்து நடந்தே கொண்டுவந்து ஊற்ற வேண்டும். போர் போட்ட அந்த வருடம் நானும் வேண்டியிருந்தேன். கிளம்புகிற அன்று மூத்தவளுக்குக் காய்ச்சல். போக முடியவில்லை. வேண்டுதலை விடவும் மனம் வரவில்லை. கூட்டம் திரும்பி எங்கள் தோட்டத்து வழியாக வந்தபோது, போர்த் தண்ணீரைக் குடத்தில் பிடித்து, வேப்பிலை செருகி, ஈரச்சேலையோடு நடுவில் புகுந்துகொண்டேன். யாருக்கும் தெரியாது. அம்மன் தலையில் ஊற்றினேன்.

"அம்மனுக்குத் தெரியுமல்ல கண்ணு. காவேரின்னு சொல்லிப் போர்த் தண்ணிய ஊத்துனா சும்மா உடுவாளா? நாஞ்செஞ்ச தப்பு புள்ளைக வாயில வந்து நிக்குது."

"போர் போட்டப்ப பாப்பாவுக்கு ஒரு வயசா?" என்றாள்.

"ஆமா."

"அன்னையிலிருந்து குடிக்கறது எல்லாமே அந்தத் தண்ணிதானா?"

"வேற எதுக்குங்கண்ணு, அவ்வளவு நல்ல தண்ணி இருக்கைல."

அவள் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். "வாங்க அண்ணி. நாம தேடாத சொல் ஒண்ணு இருக்குது."

நூலகரிடம் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனோம். இந்த முறை அவள் தேடிய விதமே வேறு. பல் என்று தேடவில்லை. பல் கறை என்று பார்த்தாள். அந்தச் சொல்லுக்கு நேராக எண்ணே இல்லை. 'இதற்கு அங்கே பார்க்கவும்' என்று மட்டும் போட்டிருந்தது. எனக்கு முகம் வாடியது. அவள் சந்தோஷமாகிவிட்டாள்.

"இதுதான் அண்ணி வேணும். நாம ஒரு பேர் வச்சிருக்கோம், அவங்க வேற பேர் வச்சிருக்காங்க. அவங்க பேர் தெரிஞ்சாத்தான் ஆள் கிடைப்பாங்க."

வெண்ணந்தூரில் ஒருமுறை சொந்தக்காரர் வீட்டைத் தேடி அலைந்தது எனக்கு ஞாபகம் வந்தது. அவருடைய நல்ல பெயரைச் சொல்லித் தெருத்தெருவாகக் கேட்டும் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒரு தறிக்காரர், "ஓ, மூக்குப்பொடிக்காரர் ஊடுங்களா" என்று கைகாட்டினார். அதேதான் இங்கேயும். அங்கே பார்க்கவும் என்ற இடத்தில் போய்ப் பார்த்தால் 'மாட்டில்ட் எனாமல்' என்று இருந்தது. எழுத்துக் கூட்டி நானே படித்தேன். திட்டுத் திட்டாகக் கறை ஏறிய பல் மேற்பூச்சு என்று அவள் அர்த்தம் சொன்னாள். என் மகளின் பல்லுக்கு ஒரு பெயர் இருக்கிறது. அவளுக்கு மட்டும் இருந்தால் எதற்குப் பெயர் வைக்கப்போகிறார்கள்? எங்கோ நிறையப் பிள்ளைகளுக்கு இருக்கிறது. அந்த நிமிடம் நெஞ்சில் ஒரு கல் பாதியளவு இறங்கியது.

மணி மூன்று ஆகியிருந்தது. நாலரைக்கு மூடிவிடுவார்கள். வருடத்துக்கு ஒன்றாகத் தொகுதிகள் அடுக்கில் நின்றன. எல்லாவற்றையும் பார்க்க நேரமில்லை. நான் என் வழியில் ஒரு யோசனை சொன்னேன். கோயிலில் பூக்கேட்பதுபோலத் தொகுதிகளின்மேல் என் தலையிலிருந்த பூவை ஒவ்வொன்றாக வைத்துக் கும்பிட்டு நின்றால், எது முதலில் நழுவி விழுகிறதோ அந்த வருடத்தைப் பார்க்கலாம்.

"வேண்டாம் அண்ணி, அவர் மணியைத் தூக்கி நம்ம தலையில போட்டுருவார். பத்து வருசத்துக்கும் சேர்த்து ஒரே அடைவு தனியா வந்திருக்குது. அதைப் பார்த்தாப் போதும்."

"அத மொதல்லயே சொல்றதில்லையா? நான் அம்மனத் தொந்தரவு பண்ண இருந்தன்."

"அந்த அடைவும் அவ குடுத்ததுதான்னு வச்சுக்குங்க."

வைத்துக்கொண்டேன். இன்றைக்கும் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

தண்ணீர் என்று மட்டும் தேடினால் கடல் மாதிரி விரிந்தது. குடிதண்ணீர் என்று சுருக்கினாள். கிணற்றுத் தண்ணீர் என்று இன்னும் சுருக்கினாள். நான் ஒரு பக்கம் கறைப் பல்லின் எண்களை வைத்துக்கொண்டேன், அவள் தண்ணீரின் எண்களை வாசித்தாள். "இருக்குது" என்பேன், பொட்டு வைப்பேன். "இருக்குது." "இருக்குது." எருமைக்கு அரைமணி நேரத்தில் ஒரு பொட்டு விழுந்தது. இங்கே கால்மணி நேரத்தில் சீட்டே கோயில் சுவர் மாதிரி ஆகிவிட்டது. எனக்குச் சிரிப்பு முட்டியது, பயமாகவும் இருந்தது. மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பொட்டு விழுந்தவற்றில் ஒன்றை எடுத்து அவள் தமிழில் சொன்னாள். பாறைப் பூமி. மழை குறைவு. ஆழத்திலிருந்து எடுக்கும் தண்ணீர். அந்தத் தண்ணீரில் ஃபுளோரைடு என்று ஒன்று அளவுக்கு மேல் கரைந்திருந்தால் குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை வரும். பல் வெளியே வந்த பிறகு பிடிக்கிற கறை இல்லை அது. ஈறுக்குள் பல் உருவாகும்போதே ஏறிவிடும்.

"அதான் தேச்சாப் போகலையா?"

"அதான். இன்னும் கேளுங்க. சின்ன வயசுலயே தண்ணியை மாத்தின குழந்தைங்களுக்குக் கறை வரலையாம்."

"அத இன்னொரு தடவ படி."

படித்தாள்.

"இன்னொரு தடவ படி சாமி."

மூன்றாவது முறை படித்தபோது நூலகர் எங்கள் மேசைக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தோம். எழுந்து நின்றுவிட்டோம். அவர் சீட்டை எடுத்துக் குங்குமப் பொட்டுகளைப் பார்த்தார். அடையாளம் வைத்த சுருக்கத்தை நிதானமாகப் படித்தார்.

"ஒண்ணை மட்டும் நம்பிப் போயிடாதீங்கம்மா. இன்னும் ரெண்டு பாருங்க" என்றார். நாங்கள் பார்த்தோம். ஒன்று அதையே சொன்னது. இன்னொருவர் சத்துக் குறைவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டிருந்தார். "அப்படித்தான் இருக்கும். எல்லாரும் ஒரே மாதிரி சொல்ல மாட்டாங்க. முழுக் கட்டுரை நம்மகிட்ட இல்ல. வேற நூலகத்துக்கு எழுதி வரவழைக்கிறேன். அதுக்குள்ள தண்ணியைச் சோதனைக்குக் குடுத்துப் பாருங்க. அதுதான் உறுதி." கட்டுரை கேட்டு அப்போதே ஒரு கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். போகும்போது திரும்பி, முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் கேட்டார்.

"கூரைக்கு ஏதாவது கிடைச்சுதா?"

இந்த முறை நாங்கள் சிரித்தபோது அவராகவே மணியை எடுத்து மேசை டிராயருக்குள் வைத்துவிட்டார்.

பஸ்ஸில் ஊர் வரும்வரை எனக்குக் கால் தரையில் இல்லை. மடியில் குழந்தை. அவன் வாயைத் திறந்து திறந்து ஈறைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அதற்குள் பற்கள் உருவாகிக்கொண்டிருக்கின்றன, இன்னும் நேரம் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "புள்ளைக்கு வாயில என்னுங்க?" என்று கேட்டாள். "ஒண்ணும் ஆகாதுங்க" என்று அவளுக்குப் பதில் சொன்னேன்.

வீட்டில்தான் பெரிய பாறை இருந்தது. தம்பி பெண்டாட்டி தமிழில் எழுதிக் கொடுத்த தாளை என் கணவரிடம் நீட்டினேன். படித்து முடித்து மடித்து வைத்தார்.

"என்ர போர்த் தண்ணியக் கொற சொல்றதுக்குத்தான் நங்கையும் தம்பி பொண்டாட்டியும் சேலத்துல கூடிப் பேசுனீங்களா?"

"நாங்க சொல்லலீங்க. புஸ்தகத்துல நம்பர் போட்டு இருக்குதுங்க."

"அப்ப நாம? இந்தத் தண்ணியக் குடிக்கற நம்ம பல்லு ஏன் போகல?"

அதற்குத் தயாராக இருந்தேன். "நம்ம பல்லு அப்பவே மொளைச்சிருச்சுங்க. உள்ளுக்குள்ள இருக்கற பல்லுக்குத்தான் ஆகும்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குள் போய்விட்டார். நாலு நாள் கழித்துக் காலையில், அலம்பிய பாட்டில் இரண்டை எடுத்து, ஒன்றில் போர்த் தண்ணீரையும் ஒன்றில் பழைய சேந்து கிணற்றின் அடியில் கிடந்த தண்ணீரையும் பிடித்தார். எது எது என்று சுண்ணாம்பால் எழுதினார். அவராகவே சோதனைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். முடிவு வந்த அன்று தாளை என்னிடம் காட்டவில்லை. கயிறும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு நேராகச் சேந்து கிணற்றுக்குள் இறங்கினார். நான் மேலே நின்று எட்டிப் பார்த்தேன்.

"ஏனுங்க, என்னங்க ஆச்சு?"

கிணற்றுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "போர் நல்லாத்தான் போட்டன் புள்ள. பாறதான் அப்பிடி."

"ஆமாங்க. பாறதான்."

"காட்டுக்கும் மாட்டுக்கும் போர்த் தண்ணி. குடிக்க இது. பஸ்காரனுகளுக்கும் சொல்லிப்போட்டன், குடம் பிடிக்க வேண்டாம்னு. வாளிய எறக்கு."

மூன்று ஆள் ஆழம் சேறு வாரினார். ஊற்றுக் கண் திறந்தது. அன்றிலிருந்து தினமும் காலையில் ஆறு குடம் சேந்துவேன். கை காய்த்துப்போனது. ஒரு நாள்கூடச் சலித்ததில்லை. குழந்தை தவழ்ந்து போய்ப் போர்க் குழாயில் வாயை வைத்தால் வீடே பாய்ந்து ஓடும். அடுத்த பங்குனியில் காவிரிக்கு நடந்தே போய், நிஜத் தண்ணீர் மொண்டு வந்து அம்மன் தலையில் ஊற்றினேன். அன்றைக்கு ஊற்றினதுக்கு மன்னித்துக்கொள், அது உனக்குமே ஆகாத தண்ணீர் என்று எனக்குத் தெரியாது என்றேன். அவள் முகத்தில் கோபம் இல்லை. எப்போதும் இருந்ததில்லை என்றுதான் தோன்றியது.

மூத்தவளின் பல் மாறாது என்று மூன்று வாரத்தில் வந்த முழுக் கட்டுரையிலேயே இருந்தது. அதை மறைக்காமல் அவளிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். "அந்தப் பேர் என்னம்மா?" என்று கேட்டாள். அத்தையிடம் கேட்டு எழுதி வாங்கி, சுருக்கத் தொகுதியின் எண்ணையும் மனப்பாடம் செய்துகொண்டாள். மறுபடி ஒருத்தி பட்டப்பெயர் சொன்னபோது, "எம்பல்லுக்கு இங்கிலீஷ்ல பேர் இருக்குது, லைப்ரரியில நம்பர் இருக்குது. உம்பல்லுக்கு என்ன இருக்குது?" என்று கேட்டாளாம். அதோடு வாயை மூடுவதை விட்டுவிட்டாள்.

ஆறு வருடம் காத்திருந்தோம். எண்பதுகள் முடியப்போகிற ஒரு தை மாதம் சின்னவனுக்கு முதல் பல் விழுந்தது. சாணி உருண்டைக்குள் வைத்து, தார்சின் பக்கமே போகாமல், மாட்டுக் கொட்டகையின் ஓலைக் கூரைமேல் நானே எறிந்தேன். தங்கிவிட்டது. அதற்கப்புறம் தினமும் காலையில் எல்லாருக்கும் ஒரே வேலை. "ஈ காட்டு சாமி." அவனும் காட்டிக் காட்டிச் சலித்துப்போய், யார் எதிரில் வந்தாலும் தானாகவே ஈ என்றான்.

வந்தது. அரிசி நுனி அளவு முதலில். நான் யாரையும் பக்கத்தில் விடவில்லை. நன்றாக வெளியே வரட்டும் என்று பொறுத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பியும் அவன் பெண்டாட்டியும் வந்தார்கள். வாசலில் வெயிலில் அவனை நிறுத்தி, என் கணவர் அவன் தலையைப் பின்னால் சாய்த்துப் பிடித்தார். எல்லாரும் குனிந்தோம். வெள்ளைவெளேரென்று இருந்தது. ஒரு கோடு இல்லை.

என் கணவர் சேந்து கிணற்றைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மீசையைத் தடவிக்கொண்டார்.

"சொல்லுங்க அண்ணி," என்றாள் தம்பி பெண்டாட்டி. "கிணறா, கூரையா?"

"எதுக்கு கண்ணு வம்பு. ரெண்டும் இருக்கட்டும்."

மூத்தவள் தம்பியின் வாயை விரலால் விரித்து, ஒரு பல் டாக்டர் மாதிரி இப்படியும் அப்படியும் பார்த்தாள். அவளுக்குப் பதினாறு வயது அப்போது.

"பாவம் அத்தை இவன்," என்றாள். "இவன் பல்லுக்கு நம்பரே கெடையாது."

சொல்லிவிட்டு அவளே முதலில் சிரித்தாள். காவிப் பல் அத்தனையும் வெயிலில் தெரிந்தது.